காந்தப்புலத்தைச் செய்து காட்டிக் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காந்தம் எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும். காந்தப்புலம் என்று சொன்னதும் முகம் மாறிவிடும். கரும்பலகையில் வளைகோடுகளை வரைந்து, அம்புக்குறி போட்டு, "வடமுனையிலிருந்து தென்முனைக்கு" என்று எழுதிவிட்டால் பாடம் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் மாணவர் மனத்தில் தங்குவது கோடுகள் மட்டும்தான். காந்தத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் புலத்துக்கு ஒரு திசையும் ஒரு வலிமையும் இருக்கின்றன என்ற எண்ணம் அவரிடம் வருவதில்லை. கீழே உள்ள செய்முறைகள் எல்லாம் அதற்காகத்தான். மாணவரின் கவனத்தைக் காந்தத்திலிருந்து எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் வெளிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதில் தொடங்கலாம்? இரும்புத் தூளிலா?

வழக்கமாக அப்படித்தான் தொடங்குகிறோம். திசைகாட்டியில் தொடங்குவது இன்னும் நல்லது என்பது என் கருத்து. இரும்புத் தூள் முழுப் படத்தையும் ஒரே நொடியில் காட்டிவிடும். மாணவர் வியந்து பார்ப்பார், ஆனால் யோசிக்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. திசைகாட்டி ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைப் பற்றி மட்டுமே சொல்லும். மீதியை மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் அட்டைப்பெட்டிக்குள் சட்டக் காந்தம் ஒன்றை ஒட்டி மூடிவிடுங்கள். மேலே வெள்ளைத் தாளை விரியுங்கள். சிறிய திசைகாட்டியைத் தாளில் ஓரிடத்தில் வைத்து, ஊசி காட்டும் திசையில் ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த இடம், அதற்கடுத்த இடம். இருபது முப்பது அம்புகள் சேர்ந்ததும், "உள்ளே காந்தம் எப்படிக் கிடக்கிறது? வடமுனை எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் பதிலைத் தாளில் எழுதிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது. காந்தத்தின் பக்கவாட்டில், நடுப்பகுதிக்கு நேராகத் திசைகாட்டியை வைத்தால் ஊசி காந்தத்தை நோக்கித் திரும்பாது. காந்தத்துக்கு இணையாக, அதன் தென்முனை இருக்கும் பக்கம் பார்த்து நிற்கும். "காந்தம் ஊசியைத் தன் பக்கம் இழுக்கும்" என்று நினைத்திருந்த மாணவருக்கு இது பெரிய அதிர்ச்சி. அந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஊசி காட்டுவது காந்தம் இருக்கும் இடத்தை அல்ல, அந்தப் புள்ளியில் உள்ள புலத்தின் திசையை என்று அவர்களே சொல்லும் வரை காத்திருங்கள்.

செய்து காட்டுவதற்கு முன் மாணவர்களிடம் என்ன நடக்கும் என்று கேட்பது அவசியமா?

அவசியம். வாயால் கேட்டால் மட்டும் போதாது, எழுதவோ வரையவோ வைக்க வேண்டும். வாயால் சொன்ன ஊகத்தை மாணவர் எளிதில் மாற்றிக்கொள்வார். "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்பார். தாளில் வரைந்தது அப்படியே நிற்கும். தன் ஊகமும் கண்ணால் பார்த்ததும் ஒத்துவராத இடத்தில்தான் அவர் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். நேரம் குறைவாக இருந்தால் செய்முறைகளில் ஒன்றைக் குறையுங்கள், ஊகத்துக்கான இரண்டு நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

இரும்புத் தூள் ஏன் கோடு கோடாக நிற்கிறது? கோடுகளுக்கு நடுவே புலம் இல்லையா?

மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் மிக அருமையானது இது. யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இரும்புத் துகள் ஒவ்வொன்றும் புலத்துக்குள் வந்ததும் தானே ஒரு குட்டிக் காந்தமாகிவிடுகிறது. நீளவாக்கில் புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்கிறது. ஒன்றின் வடமுனை அடுத்ததின் தென்முனையை இழுப்பதால் துகள்கள் சங்கிலியாகச் சேர்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சங்கிலிகளில் ஒத்த முனைகள் அருகருகே வருவதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆக, நடுவில் தெரியும் இடைவெளி துகள்களால் வந்தது. புலம் அங்கேயும் இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டுப் போகாமல் நிரூபித்துக் காட்டலாம். தாளில் உருவான படத்தைக் கைபேசியில் படம் எடுங்கள். தூளைச் சேகரித்துவிட்டு, காந்தத்தை நகர்த்தாமல் மறுபடியும் தூவித் தட்டி, அதே உயரத்திலிருந்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மொத்த வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் கோடுகள் அதே இடங்களில் இருக்காது. கோடு என்பது புலத்தைக் காட்ட நாம் வரையும் முறை, வெளியில் கம்பி மாதிரி கிடக்கும் பொருள் அல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பெரும் தொல்லையாக இருக்கிறது. என்ன செய்வது?

தூள் காந்தத்தைத் தொடவே கூடாது. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். தப்பித் தவறி ஒட்டினால் பையை உருவியதும் தூள் உதிர்ந்துவிடும். காந்தத்தின் இரண்டு பக்கமும் அதே உயரத்தில் புத்தகங்களை அடுக்கி, மேலே விறைப்பான அட்டையோ ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடோ வையுங்கள். தூளை மெல்லிய துணி வழியாகச் சலித்தது போலத் தூவி, தகட்டின் ஓரத்தைப் பென்சிலால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டும்போது துகள்கள் ஒரு கணம் எழும்பி, உராய்வு இல்லாமல் திரும்பிக்கொள்கின்றன. தூள் குறைவாக இருந்தால் படம் தெளிவாக வரும். அதிகமாகக் கொட்டினால் முனைகளில் கறுப்புக் குவியல்தான் மிஞ்சும்.

மிக வலுவான காந்த வகையான நியோடிமியம் காந்தம் இதற்குச் சரிவராது. அது தூளை எல்லாம் இழுத்து முனையில் குவித்துவிடும். சாதாரணச் சட்டக் காந்தமே போதும். இரும்புத் தூள் கண்ணில் பட்டால் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள், தூளை யாரும் வாயால் ஊத வேண்டாம்.

புலம் தாளின் மேல் மட்டும் இருப்பதாக மாணவர்கள் நினைக்கிறார்கள்.

தாளில் காட்டினால் அப்படித்தான் நினைப்பார்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் பாட்டிலில் கிளிசரின் அல்லது நிறமில்லாத எண்ணெயை ஊற்றி, கொஞ்சம் இரும்புத் தூளைப் போடுங்கள். பாட்டிலின் வாய் வழியாக ஒரு சோதனைக் குழாயைச் செருகி, கசியாமல் அடையுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு, சோதனைக் குழாய்க்குள் உருளைக் காந்தத்தை இறக்குங்கள். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் துகள்கள் மெதுவாக நகரும். காந்தத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் அவை சிலிர்த்து நிற்பதைப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

திசைகாட்டிகள் ஆளுக்கொரு திசை காட்டுகின்றன. பழுதா?

வலுவான காந்தத்தைச் சட்டென்று அருகில் கொண்டுபோனால் ஊசியின் முனைகளே தலைகீழாக மாறிவிடும். பள்ளித் திசைகாட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். வகுப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் மேசையில் தள்ளித் தள்ளி வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெருக்கமாக வைத்தால் ஒன்றின் ஊசியை மற்றது திருப்பும். மேசைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முனை மாறிய திசைகாட்டியைச் சாய்த்து, ஊசி சிக்கி அசையாமல் நிற்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். சட்டக் காந்தத்தின் தென்முனையை ஊசியின் நடுவிலிருந்து, வடக்கைக் காட்ட வேண்டிய நுனி வரை சில முறை ஒரே போக்கில் இழுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பூமியின் புலம் குறுக்கே வந்து கெடுக்காதா?

கெடுக்காது. அதையே பாடமாக்கலாம். பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா (புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) வரை இருக்கும். சட்டக் காந்தத்தின் வடமுனையை வடக்கு நோக்கி வைத்து, அதன் நடுவிலிருந்து பக்கவாட்டில் திசைகாட்டியை மெதுவாக விலக்கிக்கொண்டே போங்கள். அங்கே காந்தத்தின் புலம் தெற்கு நோக்கியும் பூமியின் புலம் வடக்கு நோக்கியும் இருக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஊசி எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். அதைத் தாண்டினால் வடக்கு நோக்கித் திரும்பிவிடும். புலங்கள் ஒன்றோடொன்று கூடும், கழியும் என்பதை மாணவர் தன் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம் அது. காந்தத்தின் தென்முனையை வடக்கு நோக்கித் திருப்பி வைத்தால் அந்தத் தடுமாறும் இடம் எங்கே போகும் என்று அடுத்ததாகக் கேளுங்கள். அது காந்தத்தின் அச்சுக் கோட்டுக்கு, அதாவது இரு முனைகள் வழியாகவும் நீளும் நேர்க்கோட்டுக்குப் போய்விடும்.

ஊசியின் வடமுனை வடக்கைக் காட்டுகிறது என்றால், வடக்கில் இருப்பது தென்முனைதானே?

ஆமாம். எதிர் முனைகள்தான் ஈர்க்கும் என்பதால், பூமியின் வடக்கில் இருக்கும் காந்த முனை இயல்பில் தென்முனை. சட்டக் காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வடக்கைப் பார்க்கும் நுனிக்குத்தான் வடமுனை என்று பெயர் என்பதைக் காட்டிவிட்டால் குழப்பம் நீங்கும்.

மின்னோட்டம் புலத்தை உண்டாக்கும் என்பதைக் காட்டும் சோதனை சில சமயம் வேலை செய்வதில்லையே?

1820இல் டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் வெளியிட்ட சோதனை இது. மின்னோட்டம் ஓடும் கம்பிக்கு அருகே திசைகாட்டி ஊசி விலகும். பெரும்பாலும் வகுப்பறையில் இது தோற்பதற்குக் காரணம் கம்பியின் திசை. கம்பியைக் கிழக்கு மேற்காக வைத்தால், கம்பிக்கு நேர் கீழே அதன் புலம் வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ இருக்கும். வடக்கு நோக்கி இருந்தால் ஊசி ஏற்கெனவே நிற்கும் திசையும் அதுவே, அசையவே அசையாது. ஆகவே கம்பியை வடக்கு தெற்காக, ஊசிக்கு இணையாக, அதன் மேலாகப் பிடியுங்கள்.

எவ்வளவு விலகும் என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். நீளமான நேர்க்கம்பியிலிருந்து 1 செ.மீ. தொலைவில், 1 ஆம்பியர் மின்னோட்டத்தால் வரும் புலம் 20 மைக்ரோடெஸ்லா. 2 ஆம்பியர் என்றால் 40. பூமியின் புலத்தில் கிடைமட்டமாக உள்ள பகுதியும் அந்த இடத்தில் 40 என்றால் ஊசி சரியாக 45 டிகிரி விலகும். ஒரே கம்பியைப் பலமுறை சுற்றி, சுற்றின் ஒரு பக்கத்தை ஊசியின் மேல் வைத்தால் குறைந்த மின்னோட்டத்திலேயே நல்ல விலகல் கிடைக்கும்.

பார்த்ததோடு நிறுத்த வேண்டாம். திசைகாட்டியைக் கம்பிக்கு மேலே வையுங்கள், ஊசி எதிர்ப்பக்கம் விலகும். ஏன்? புலம் கம்பியைச் சுற்றி வட்டமாக இருந்தால் மட்டுமே மேலும் கீழும் திசை மாற முடியும். வலக்கை விதியை (பெருவிரல் மின்னோட்டத்தின் திசையைக் காட்டினால், மடக்கிய மற்ற விரல்கள் புலம் சுற்றும் திசையைக் காட்டும்) மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், வட்டம் என்ற முடிவுக்கு அவர்களே வந்துசேர இந்த ஒரு கேள்வி போதும்.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைப்பது குறுக்குச் சுற்று. இரண்டு மூன்று நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, கம்பி சுடும். சாதாரண 1.5 வோல்ட் செல் போதும்; லித்தியம் பேட்டரிகளை இந்தச் சோதனைக்குத் தொடவே வேண்டாம்.

கைபேசியால் புலத்தை அளக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான கைபேசிகளில் திசைகாட்டிச் செயலிக்காக ஒரு காந்த உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி, மூன்று திசைகளிலும் புலத்தை மைக்ரோடெஸ்லாவில் காட்டும். உணரி கைபேசியின் எந்த மூலையில் இருக்கிறது என்பதை முதலில் தேட வேண்டும். சிறிய காந்தம் ஒன்றைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஓரங்களில் நகர்த்துங்கள். அளவீடு எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கேதான் உணரி.

இதை வைத்துச் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை, தொலைவுக்கும் புலத்துக்கும் உள்ள உறவைக் காண்பது. கைபேசியை மேசையில் அசையாமல் வைத்து, காந்தம் இல்லாதபோது வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய வட்டக் காந்தத்தின் அச்சு உணரியைப் பார்க்கும்படி வைத்து, 20 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. வரை படிப்படியாக நெருக்குங்கள். அந்தத் திசைக்கான அளவீட்டிலிருந்து தொடக்க அளவைக் கழித்துவிடுங்கள். 10 செ.மீ.யில் 80 வந்தால் 20 செ.மீ.யில் ஏறத்தாழ 10தான் வரும். தொலைவு இருமடங்காகும்போது புலம் எட்டில் ஒரு பங்காகிறது. பாதியோ கால் பங்கோ வரும் என்றுதான் வகுப்பில் பலரும் எழுதியிருப்பார்கள். நீண்ட காந்தத்தை அருகில் வைத்து அளந்தால் இந்த விதி சரியாக வராது; காந்தத்தின் நீளத்தைவிடத் தொலைவு பல மடங்கு இருக்க வேண்டும்.

வலுவான காந்தத்தைக் கைபேசிக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டாம். உணரியின் எல்லையைத் தாண்டிவிடும், உள்ளே இருக்கும் எஃகுப் பகுதிகளும் காந்தமாகலாம். அளவீடு தாறுமாறாகிப்போனால், கைபேசியைக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றினால் உணரி தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

காந்தப்புலத்தைத் தடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். எதைக் காட்டுவது?

பேப்பர் கிளிப்பை நூலில் கட்டி, நூலின் மறுமுனையை மேசையில் ஒட்டுங்கள். மேலே தாங்கியில் காந்தத்தைப் பொருத்தி, கிளிப் காந்தத்தைத் தொடாமல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே, நூல் விறைக்க அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். அந்த இடைவெளியில் தாள், பிளாஸ்டிக், அலுமினியத் தகடு, செம்புத் தகடு என்று ஒவ்வொன்றாக மெதுவாக நுழையுங்கள். கிளிப் அசையாது. எஃகுத் தகட்டை நுழைத்ததும் கீழே விழும், சில வேளை தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எஃகு புலத்தை 'நிறுத்தியது' என்று சொல்ல வேண்டாம். புலம் தகட்டின் வழியாகத் திரும்பிப் பக்கவாட்டில் போய்விட்டது, அவ்வளவுதான். உலோகம் என்றாலே காந்தத்தில் ஒட்டும் என்ற தவறான எண்ணமும் இந்தச் சோதனையில் தானாகவே உடையும்.

காந்தத்தை உடைத்தால் ஒரே ஒரு முனை கிடைக்குமா?

கிடைக்காது. இரும்பறுக்கும் ரம்பத்தின் பழைய பிளேடை ஒரே திசையில் காந்தத்தால் தேய்த்துக் காந்தமாக்கி, நுனிகளைத் திசைகாட்டியால் சோதியுங்கள். பிளேடைத் துணியில் சுற்றிக் குறடால் உடையுங்கள், கண்ணாடி கட்டாயம். உடைந்த ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைகள் இருக்கும். நியோடிமியம் காந்தத்தை இதற்காக உடைக்க வேண்டாம். சில்லுகள் தெறிக்கும், அதன் தூள் தீப்பற்றக்கூடியது.

செம்புக் குழாயில் காந்தம் மெதுவாக விழும் சோதனை வெறும் வித்தையாகவே போய்விடுகிறது. பாடமாக்குவது எப்படி?

வித்தையாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததுதான். 1 மீட்டர் நீளமுள்ள ஒரு செம்புக் குழாய், அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு நியோடிமியம் காந்தம், அதே அளவில் காந்தமாகாத ஓர் உலோகத் துண்டு என்று நான்கையும் தயாராக வையுங்கள். தடையின்றி விழும் பொருள் 1 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.45 நொடி ஆகும். பிளாஸ்டிக் குழாயில் இரண்டுமே அப்படித்தான் விழும். செம்புக் குழாயில் உலோகத் துண்டு உடனே விழும், காந்தம் மட்டும் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். செம்பில் காந்தம் ஒட்டவே ஒட்டாது என்பதையும் முதலிலேயே காட்டிவிடுங்கள். அப்போதுதான் "உரசிக்கொண்டு விழுகிறது", "ஒட்டி ஒட்டி விழுகிறது" என்ற விளக்கங்கள் ஒவ்வொன்றாக விலகும்.

மிஞ்சுவது உண்மையான காரணம். விழும் காந்தம் குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் புலத்தை மாற்றிக்கொண்டே போகிறது. மாறும் புலம் செம்பில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்தின் புலம் காந்தத்தின் அசைவை எதிர்க்கிறது. இதுவே லென்ஸ் விதி.

மேல் வகுப்பு என்றால் இன்னும் ஒரு படி போகலாம். குழாயை மின்னணு எடைத்தராசின் மேல் நிறுத்தி, காந்தத்தை விடுங்கள். காந்தம் தராசைத் தொடும் முன்பே, சீரான வேகத்தில் இறங்கும்போது, தராசு குழாயின் எடையோடு காந்தத்தின் எடையையும் சேர்த்துக் காட்டும். காந்தத்தைச் செம்பு தாங்குகிறது, அதே விசையோடு காந்தமும் செம்பைக் கீழே தள்ளுகிறது. தராசுக்குள் இருக்கும் எஃகுப் பாகங்கள் தொல்லை தராமல் இருக்க, இடையில் கனமான மரக்கட்டை ஒன்றை வையுங்கள்.

மின்மோட்டாருக்கு முன்னால் விசையின் திசையைக் காட்ட எளிய வழி?

லாடக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தாள் பட்டை ஒன்றைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ஒரு செல்லின் மின்சாரத்தை ஒரு கணம் மட்டும் செலுத்துங்கள். வடமுனைக்குப் போகுமா, தென்முனைக்கா என்று முதலில் கேளுங்கள். பட்டை எந்த முனைக்கும் போகாமல், இரண்டுக்கும் செங்குத்தாக வெளியேயோ உள்ளேயோ துள்ளும்.

பாதுகாப்பில் மிக முக்கியமானது எது?

சிறிய நியோடிமியம் காந்தங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால், அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளை உண்டாக்கும். வலி வரும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு குழந்தைகள் இருக்கும் வகுப்பில் இவற்றைப் பயன்படுத்தவே வேண்டாம். இதயமுடுக்கியோ உடலுக்குள் பொருத்திய வேறு மின்னணுக் கருவியோ உள்ளவர்கள் வலுவான காந்தங்களுக்குத் தள்ளியே இருக்க வேண்டும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு என்ன செய்யலாம்?

மேசையில் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டு, இன்னொன்றை அவர் கையில் கொடுங்கள். அதைச் சுற்றி மெதுவாக நகர்த்தச் சொன்னால், ஒவ்வோர் இடத்திலும் கையிலுள்ள காந்தம் ஒரு திசைக்குத் திரும்ப முயல்வதை விரல்கள் உணரும். திசைகாட்டி ஊசி செய்யும் வேலையை அவர் கையே செய்கிறது. பார்வையுள்ள மாணவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். படத்தில் தெரியாத வலிமை வேறுபாடு கையில் நன்றாகத் தெரியும்.

புரிந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வரையறை கேட்காதீர்கள். இரண்டு சட்டக் காந்தங்கள், வடமுனைகள் எதிரெதிராக, நடுவே இடைவெளியோடு இருக்கும் படத்தைக் கொடுங்கள். ஐந்து புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் ஊசி எந்தப் பக்கம் பார்க்கும் என்று அம்பு போடச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்று இரு முனைகளுக்கும் சரி நடுவில் இருக்கட்டும். அங்கே இரண்டு காந்தங்களின் புலமும் ஒன்றையொன்று கழித்துவிடும். "அங்கே ஊசி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது" என்று எழுதினால் நல்ல பதில். "பூமியின் புலம் மட்டும் மிஞ்சும், அதனால் வடக்கைப் பார்க்கும்" என்று எழுதினால் அதைவிட நல்ல பதில். விடைத்தாளை வாங்கி வைத்துவிட்டு, காந்தங்களையும் திசைகாட்டியையும் மேசையில் எடுத்து வைத்து அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.